ஆறவிடாத காயம்

ஆய்வகத்தில் நான் அடிக்கடி செய்யும் வேலை கீறல் போடுவது. பிளாஸ்டிக் தட்டின் அடியில் செல்கள் பாய் விரித்தாற்போல் ஒட்டி வளர்ந்திருக்கும். பிப்பெட்டின் மஞ்சள் முனையை எடுத்து அந்தப் பாயின் நடுவே மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் ஒரு கோடு இழுக்க வேண்டும். அழுத்தினால் பிளாஸ்டிக்கே கீறிவிடும். அழுத்தாவிட்டால் செல்கள் பெயராது. பெயர்ந்த செல்களைக் கழுவி, புதிய ஊட்டநீர் ஊற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் படம் எடுக்க வேண்டும். 6 மணி நேரம் கழித்து ஒன்று, 12இல் ஒன்று, 24இல் ஒன்று. காயம் ஆறும் சோதனை என்று இதற்குப் பெயர்.

புதிதாக வருகிறவர்களுக்குக் கோடு நேராக விழவே சில வாரங்கள் ஆகும். எனக்கு முதல் நாளே விழுந்தது. "எங்கே பழகினாய்?" என்று பேராசிரியர் கேட்டார். கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் என்றேன். அங்கே எந்த நிறுவனம் என்று அடுத்த கேள்வி வந்தது. ரப்பர் தோட்டம் என்று சொல்ல அன்றைக்கு வெட்கமாக இருந்தது. ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன்.

அப்பா பால் வெட்டுகிறவர். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் வழியில் ஒரு தோட்டத்தில், ஒரு மரத்துக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்ற கணக்கில், தினமும் 300 மரத்துக்கு மேல் வெட்டுவார். அதிகாலை நான்கு மணிக்கே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். வெயில் ஏறினால் இலைகள் நீரை வெளியே விடத் தொடங்கும், பட்டைக்குள் அழுத்தம் இறங்கும், பால் குறைந்துவிடும். பள்ளி விடுமுறைகளில் நானும் பின்னால் போவேன். சிரட்டையில் முந்தைய முறை உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துச் சாக்கில் போடுவது என் வேலை. அந்த நாற்றம் சோப்புக்குப் போகாது.

வெட்டு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சாய்ந்து இறங்க வேண்டும். பட்டைக்குள் பால் குழாய்கள் மரத்தைச் சுற்றிக்கொண்டு, வலப்பக்கமாக லேசாகச் சாய்ந்து ஏறுகின்றன. எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபடும். ஆனால் சாய்வு யாருக்கும் பழகிவிடும். ஆழம்தான் தொழில். பால் அதிகம் இருப்பது பட்டையின் உட்புறத்தில். அதற்கும் உள்ளே, பட்டைக்கும் தடிக்கும் நடுவில் வழுவழுப்பாக ஒரு மெல்லிய அடுக்கு இருக்கிறது. தாவரவியலில் அதற்குக் கேம்பியம் என்று பெயர். புதிய பட்டை அதிலிருந்துதான் பிறக்கிறது. ஆகவே கத்தி அதைத் தொடாமல், சுமார் ஒரு மில்லிமீட்டர் விட்டு நிற்க வேண்டும். விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், 300 முறை.

எனக்குப் பன்னிரண்டு வயதானபோது ஒரு மரத்தை என்னிடம் விட்டார். கத்தி வழுக்கியது, தடி தெரிந்தது. அப்பா திட்டவில்லை. கத்தியை வாங்கிக்கொண்டு, "இந்த இடத்தில் முடிச்சு விழும், மக்களே" என்றார். விழுந்தது. சில வருடங்களில் அங்கே முழங்கை மடித்தது போல ஒரு புடைப்பு எழும்பியிருந்தது. அந்த மரத்தைத் தாண்டும்போதெல்லாம் அப்பா அதை ஒரு தட்டு தட்டுவார், என்னைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே.

இந்தத் தொழிலின் ரகசியத்தை 1890களில் சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் இருந்த ரிட்லி கண்டுபிடித்தார். அதற்கு முன்பு மரத்தைக் கைக்கோடரியால் அங்கங்கே கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் சீக்கிரம் கெட்டுப்போகும். பழைய காயத்தின் விளிம்பையே சீவலாகச் சீவித் திறந்தால் பால் முந்தைய நாளைவிடக் கூடுதலாக வருகிறது, மரமும் பிழைத்துக்கொள்கிறது என்பதை ரிட்லி பார்த்தார். மரம் தன் காயத்தை மூடப் பார்க்கிறது. பாலுக்குள் மிதக்கும் லூட்டாய்டு என்னும் நுண்பைகள் வெட்டுவாயில் உடைந்து, அவற்றிலிருந்து வரும் ஹெவீன் என்ற புரதம் ரப்பர்த் துகள்களை ஒட்டவைத்துக் குழாயை அடைக்கிறது. நம் ரத்தத்தில் தட்டணுக்கள் செய்வதும் இதே வகையான வேலைதான். அடைத்து முடித்து, ஆறத் தொடங்கும்போது அப்பா மறுபடியும் கத்தியோடு வந்து நிற்பார். நான் படித்ததெல்லாம் இந்தக் காயத்தின் காசில்.

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த வருடம் ஒரு பழைய ஆய்வுக் கட்டுரையைக் கையில் கொடுத்தார்கள். நோய்க்கூறியல் மருத்துவர் ஹெரால்டு டுவோராக் 1986இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதியது. புற்றுக்கட்டிகள் ஆறாத காயங்கள் என்பது அதன் தலைப்பின் பொருள். தலைப்பைப் பார்த்ததுமே எனக்குச் சிரட்டை மணம் வந்தது.

அவர் சொன்னது இது. கை வெட்டுப்பட்டால் முதலில் ரத்தக் குழாய்கள் கசிந்து, ஃபைப்ரின் வலை பின்னிக் காயத்தை மூடும். சில மணி நேரத்தில் நியூட்ரோபில்கள் என்ற வெள்ளணுக்கள் வரும். இரண்டு மூன்று நாளில் மேக்ரோஃபேஜ்கள் என்ற பெரிய விழுங்கும் வெள்ளணுக்கள் வந்து குப்பையை விழுங்கிச் சுத்தம் செய்யும். பிறகு அவையே குணம் மாறி, கொத்தனாருக்கு ஆள் பிடிக்கிற மேஸ்திரியைப் போல இழை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைக் கூப்பிட்டுக் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைப் போடச் சொல்லும், புதிய ரத்தக் குழாய்களை இழுத்துவரும். வேலை முடிந்ததும் எல்லோரும் கலைந்துபோவார்கள். கட்டியைச் சுற்றியும் இதே ஆட்கள்தான், இதே வரிசையில்தான் வருகிறார்கள். கலைந்துபோவது மட்டும் நடப்பதில்லை. ரத்தக் குழாயைக் கசியவைக்கும் புரதம் ஒன்றைக் கட்டிச் செல்கள் சுரப்பதை டுவோராக்கின் குழு 1983இலேயே கண்டிருந்தது. வி.இ.ஜி.எஃப். என்று இன்று எல்லாப் பாடநூலிலும் இருப்பது அதுதான்.

கிரேக்கர்கள் இந்த நோய்க்கு நண்டின் பெயரை வைத்தார்கள். நண்டு வெளியிலிருந்து வந்து கவ்வுகிறது. நம் சொல்லில் இருப்பது புற்று. ரப்பர்த் தோட்டத்தில் கரையான் புற்றைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும், அது அந்த இடத்து மண்ணிலேயே எழும்புகிறது. பெயர் வைத்தவர் எதை நினைத்து வைத்தாரோ, எனக்கு நண்டைவிடப் புற்றுதான் அறிவியலுக்கு நெருக்கமாகப் படுகிறது. செய்தித்தாள்கள் 'புற்றுநோயுடன் போராட்டம்' என்று எழுதும்போது எனக்கு எரிச்சல் வருவதும் இதனால்தான். எதிரிப் படை எங்கே இருக்கிறது? கட்டியைச் சுற்றி நிற்கிறவர்கள் எல்லாம் புண்ணை ஆற்ற வந்த வீட்டு ஆட்கள்.

அப்பாவின் அக்காவுக்கு முந்திரி ஆலையில் வேலை. நாள் முழுக்க உட்கார்ந்து கொட்டை உடைக்கிற வேலை. வாயில் வெற்றிலை இல்லாமல் நான் அத்தையைப் பார்த்தது கோயிலில் மட்டும்தான். வெற்றிலை, சுண்ணாம்பு, பாக்கு, கடைசியில் ஒரு விரற்கடைப் புகையிலை. எல்லாவற்றையும் மென்று இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். எப்போதும் இடது கன்னம்தான். சில நாள் இரவிலும் துப்பாமல் அப்படியே தூங்கிவிடுவார்.

நான் இரண்டாம் வருட ஆய்வில் இருந்தபோது அந்தக் கன்னத்தில் புண் வந்தது. பக்கத்திலிருந்த ஒரு கிளினிக்கில் சத்துக் குறைவு என்று மாத்திரையும் பூசுவதற்கு ஒரு ஜெல்லும் கொடுத்தார்கள். மாத்திரை தீர்ந்ததும் மறுபடியும் அதே மாத்திரை. நான்கு மாதம். யாரும் டார்ச் அடித்து வாயைத் திறக்கச் சொல்லவில்லை. வாய்ப்புற்றின் செல்களைத் தட்டுத் தட்டாக வளர்த்துக்கொண்டிருந்த நான், ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் "வாய்ப்புண் எப்படி இருக்கிறது அத்தை?" என்று கேட்டு, "அப்படியேதான் இருக்கிறது" என்ற பதிலையும் கேட்டு, பேச்சை மாற்றியிருக்கிறேன். மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணை மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பது எங்கள் ஆய்வகச் சுவரொட்டியிலேயே இருந்தது. கிளினிக்கைத் திட்டுவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பிறகு திருவனந்தபுரம். பயாப்சி, அறுவை, கதிர்வீச்சு. எடுத்த கன்னத்தின் இடத்தில் மார்பிலிருந்து தசையோடு தோலைத் திருப்பி வைத்துத் தைத்தார்கள். "நெஞ்சு வாய்க்குள் வந்துவிட்டது, இனிப் பொய் சொல்ல முடியாது" என்று அத்தை எழுதிக் காட்டினார். பேச வர நாளானது.

அத்தையின் கன்னம் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல என்பதை நான் ஆய்வகத்தில் இருந்துகொண்டுதான் தெரிந்துகொண்டேன். வாய்ப்புற்று பற்றிய பழைய ஆய்வுகளைத் தேடிப் போனால் வழியில் எங்கள் மாவட்டத்து நெய்யூர் வந்து நிற்கிறது. 1908இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் பென்டல், திருவிதாங்கூரின் 1,700 புற்றுநோயாளிகளைத் தொகுத்து எழுதினார். 1933இல் லான்செட் இதழில் ஓர் (Orr) என்பவர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றியே தனியாக எழுதினார். இருவரும் நெய்யூர் மிஷன் மருத்துவமனை மருத்துவர்கள். எவரெஸ்டில் 1922இலும் 1924இலும் ஏறப்போன சாமர்வெல்லும் அங்கேதான் பல ஆண்டுகள் கத்தி பிடித்தார். எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்பும் தூரம். எங்கள் மாவட்டம் திருவிதாங்கூர்ப் பக்கத்திலிருந்து 1956இல் தமிழ்நாட்டுக்கு வருவதற்கு முன்பே எங்கள் பாட்டிமார்களின் கன்னங்கள் உலக மருத்துவ இலக்கியத்துக்குள் போய்விட்டன. அதற்குப் பிறகும் நூறு வருடமாக அதே கன்னம், அதே வெற்றிலைச் செல்லம்.

புகையிலைதான் கெடுதல், வெறும் பாக்கு ஒன்றும் செய்யாது என்று ஊரில் பலர் சொல்வார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, பாக்கையே தனியாக முதல் வகைப் புற்றுக்காரணி என்று 2004இல் வெளியிட்ட தொகுப்பில் சேர்த்துவிட்டது. பாக்கில் உள்ள அரிகோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்களைத் தூண்டிக் கொலாஜன் போடவைக்கிறது. பாக்கில் செம்பும் அதிகம். கொலாஜன் இழைகளைக் குறுக்கே பிணைத்து இறுக்கும் நொதிக்குச் செம்பு வேண்டும். இரண்டும் சேர்ந்தால் கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தோல்பை போல விறைத்துவிடுகிறது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல்தான் நுழையும். அது தழும்பு நோய். சிலருக்கு அந்தத் தழும்பிலிருந்தே புற்று எழுகிறது. சுண்ணாம்பு சுடும், பாக்கு உரசும், புகையிலை ஊறும். ஆறத் தொடங்கும்போது அடுத்த வெற்றிலை மடிக்கப்படும். ரிட்லி மரத்தில் கண்டதை அத்தை அதே இடது கன்னத்தில் நாற்பது வருடம் செய்திருக்கிறார்.

என் ஆய்வு அந்த மேஸ்திரிகளைப் பற்றியது, அதாவது மேக்ரோஃபேஜ்கள். முன்வந்து தருகிறவர்களிடம் ரத்தம் வாங்கி, அதிலிருந்து மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களைப் பிரித்து, ஒரு வாரம் தட்டில் வளர்த்தால் அவை மேக்ரோஃபேஜ்களாகிவிடும். வட்டமாக, நடுவில் உட்கருவோடு, உடையாத ஒற்றை முட்டைப் பொரியல் போலத் தெரியும். வாய்ப்புற்றுச் செல்கள் இரண்டு நாள் வாழ்ந்த நீரை எடுத்து இவற்றின் மேல் ஊற்றினால் மெல்ல நீளத் தொடங்குகின்றன. மறுநாள் வந்து பார்த்தால் முட்டைகளுக்கு நடுவே படகுகள். உருவம் மட்டுமல்ல, சுரப்பதும் மாறிவிடுகிறது: குப்பை அள்ளுவதை விட்டுவிட்டு, புண் ஆற்றும் வேலைக்குப் போய்விடுகின்றன. மாறிய மேக்ரோஃபேஜ்களின் நீரை என் கீறல் போட்ட தட்டில் ஊற்றினால் புற்றுச் செல்கள் கோட்டை இன்னும் விரைவாக மூடுகின்றன. சாதாரணச் செல்கள் இரு கரையிலிருந்தும் நகர்ந்து வந்து, நடுவில் முட்டிக்கொண்டதும் நின்றுவிடும். புற்றுச் செல்கள் முட்டிய பிறகும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அந்தத் தருணத்தைப் படத்தில் பார்க்க எனக்கு இன்னும் வயிற்றைப் பிசையும்.

இதை ஒரு பத்தியில் எழுதிவிட்டேன். நடுவில் ஐந்து மாதம் குப்பைக்குப் போனதையும் சொல்ல வேண்டும். மைக்கோபிளாஸ்மா என்று ஒரு பாக்டீரியா. செல்சுவர் கிடையாது, அதனால் பென்சிலினுக்குச் சாகாது. தட்டில் புகுந்தால் நீர் கலங்காது, சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, செல்களும் நன்றாகவே இருப்பது போல இருக்கும். ஆனால் மேக்ரோஃபேஜுக்குத் தெரிந்துவிடும். அது கட்டியை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். டி.என்.ஏ. சாயம் போட்டுப் பார்த்த அன்று, நீல உட்கருக்களைச் சுற்றி உளுந்து மாவு தெளித்தது போலப் புள்ளிகள். அவ்வளவு நாள் நான் எழுதிவைத்திருந்த அழகான வரைபடங்கள் எல்லாம் அந்தப் புள்ளிகளின் வரைபடங்கள். வளர்ப்பு முழுவதையும் பிளீச்சில் கொட்டிவிட்டு அன்றைக்கு ஊருக்கு ரயில் ஏறினேன். மேக்ரோஃபேஜ் கட்டிக்குப் பதில் சொல்கிறதா, காயத்துக்குப் பதில் சொல்கிறதா என்று நான் கேட்கத் தொடங்கியது அந்தப் பயணத்தில்தான் என்பதால், நஷ்டக் கணக்கில் முழுதாக எழுத மனம் வரவில்லை.

நோயாளிகளின் கட்டிச் சீவல்களையும் பார்ப்போம், பெயர் இருக்காது, எண் மட்டும். நோயுற்ற செல்களைக் கொல்லும் டி செல்கள் என்ற வெள்ளணுக்களுக்குப் பழுப்பு நிறம் வரும்படி சாயம் போடுவோம். சில சீவல்களில் பழுப்புப் புள்ளிகள் கட்டிக்குள் புகுந்து கிடக்கும். பலவற்றில் கட்டியைச் சுற்றிக் கொலாஜன் கையாலை போல, தோட்டத்து எல்லைச் சுவர் போல, எழுந்திருக்கும். டி செல்கள் கையாலைக்கு வெளியே கூட்டமாக நிற்கும். வரத் தெரியாமல் இல்லை, வாசல்வரை வந்தாகிவிட்டது.

டி செல்லின் மேல் பி.டி.-1 என்று ஒரு பிரேக் இருக்கிறது. கட்டிச் செல்லும், அதற்கு ஒத்தாசை செய்யும் மேக்ரோஃபேஜும் அந்தப் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கின்றன. இத்தகைய பிரேக்குகளை விடுவித்தால் உடலே கட்டியைத் தின்னும் என்று காட்டியதற்காக ஆலிசனுக்கும் ஹோஞ்சோவுக்கும் 2018இல் நோபல் கிடைத்தது. பிரேக்கை விடுவித்தாலும், வெளியே நிற்கிற வண்டி கையாலைக்குள் எப்படி வரும்? அதே 2018இல் நேச்சர் இதழில் வந்த ஓர் ஆய்வு, சிறுநீர்ப்பை போன்ற சிறுநீர்ப் பாதைப் புற்றில், ஃபைப்ரோபிளாஸ்ட்களைக் கொலாஜன் போடவைக்கும் டி.ஜி.எஃப்.-பீட்டா என்ற சமிக்ஞை ஓங்கியிருக்கும்போது டி செல்கள் வெளியே தேங்குவதையும் மருந்து பலிக்காமல் போவதையும் காட்டியது. எலிகளில் பிரேக்கையும் இந்தச் சமிக்ஞையையும் சேர்த்துத் தடுத்தபோது டி செல்கள் உள்ளே போயின. மனிதர்களில் அவ்வளவு சுலபமாக அமையவில்லை. இரண்டையும் ஒரே மூலக்கூறில் தடுக்கும் மருந்தின் நுரையீரல் புற்றுச் சோதனை 2021இல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. டி.ஜி.எஃப்.-பீட்டா இல்லாமல் எந்தக் காயமும் ஒழுங்காக ஆறாது. அதை உடம்பு முழுக்க நிறுத்துவது எனக்கு முதலிலிருந்தே பயமாகத்தான் இருந்தது.

பணத்தையும் பேச வேண்டும். பி.டி.-1 பிரேக்கை விடுவிக்கும் நிவோலுமாப் மருந்தின் வழக்கமான அளவு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 240 மில்லிகிராம். பால் வெட்டுகிறவர் குடும்பத்துக்கு அது வெறும் செய்தி. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில், முற்றிய தலை, கழுத்துப் புற்று நோயாளிகள் 151 பேரைக் கொண்டு, வாயால் எடுக்கும் மலிவான மருந்துகளோடு 20 மில்லிகிராமை மட்டும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சேர்த்துப் பார்த்தார்கள். முடிவு 2023இல் அச்சில் வந்தது. ஒரு வருடம் கழித்து உயிரோடிருந்தவர்கள், 20 மில்லிகிராம் சேர்க்காத பிரிவில் 16.3 சதவீதம், சேர்த்த பிரிவில் 43.4 சதவீதம். எனக்கு இது நோபலைவிடப் பெரிய செய்தியாகப் பட்டது.

அதைவிட மலிவானது ஒரு டார்ச். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கி 13 பஞ்சாயத்துகளில் நடந்த சோதனையில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், வெறும் கண்ணால். புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களில் வாய்ப்புற்றுச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005இல் லான்செட் வெளியிட்டது. மாநில எல்லையான களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நடந்த கதை இது.

போன விடுமுறையில் அப்பாவுக்கு என் கீறல் தட்டின் 24 மணி நேரப் படங்களைச் சேர்த்து ஓடவிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, திண்ணையில் வைத்தே மூன்று முறை பார்த்தார். இரு கரைகள் நெருங்கி வந்து மூடின. "நீதான் கீறினாயா?" என்றார். ஆமாம் என்றேன். "ஆழம் சரிதான். சாய்வு இல்லையே." செல்லுக்குப் பால் வராது அப்பா என்றேன். அதற்கு அவர், பிறகு எதற்கு வெட்டுகிறாய் என்று கேட்டார். அத்தை உள்ளே இருந்து சிரிக்கும் சத்தம் வந்தது. அறுவைக்குப் பிறகு அவருடைய சிரிப்பு காற்றோடு கலந்து ஒரு மாதிரியாகத்தான் வருகிறது. வெற்றிலைச் செல்லம் இன்னும் அவர் தலைமாட்டில்தான் இருக்கிறது. திறந்து பார்த்தால் மருத்துவமனைச் சீட்டுகள்.

மறுநாள் காலை அப்பாவோடு தோட்டத்துக்குப் போனேன். என் முடிச்சு மரம் இருந்த பகுதி வெட்டவெளியாக இருந்தது. வயதான மரங்களை முறித்துப் புதுக் கன்று வைக்கக் குழி எடுத்திருந்தார்கள். முடிச்சு இருந்த துண்டை மட்டும் எனக்கு எடுத்துவைத்திருக்கலாமே என்றேன். உளி கொண்டு நெடுக்காகப் பிளந்து, காயத்தைச் சுற்றி மரம் எப்படி வளைந்து வளர்ந்திருக்கிறது என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. அப்பா குழிகளைத் தாண்டி நடந்துகொண்டே சொன்னார்: "தடி லாரி போய் நாலு நாள் ஆகிறது, மக்களே."